பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் வீடு

வேலையிடத்தில் அவளுக்கு டார்ச்சு என்று பெயர். குஞ்சு பொரிப்பகத்தின் இருட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே கரு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. சிவப்பு நரம்பு வலைபோல ஓடினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் காலி. பதினோரு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஐயாயிரம் முட்டை அவள் கைவழியே போகும். ஒன்றுகூடக் கீழே விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு வீட்டில் வேறொரு பெயர் கிடைத்திருந்தது. கூமுட்டை. சூட்டியது அண்ணி, அதாவது கணவனின் அக்கா. முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. இவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, காதில் விழட்டும் என்றே கூடத்தில் உட்கார்ந்து, "கூமுட்டைய பொறுக்கிப் பொறுக்கி இவளும் அப்படியே ஆயிட்டா போலிருக்கு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. ஆனால் "சும்மா இருடி" என்றும் சொல்லவில்லை. டார்ச்சு குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகப்போகிறது. குழந்தை இல்லை.

கணவன் கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கும் மேடையில் கிரேன் ஓட்டுபவன். பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் வீடு. ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்குவார்கள், ஹெலிகாப்டரிலேயே கொண்டுவந்து விடுவார்கள். புயல் வந்தாலொழிய இந்த ஏற்பாடு மாறாது. அவள் உடம்பும் அதே ஜாதிதான். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை, சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி. கணவன் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். அவ்வளவுதான், வந்துவிட்டது. மறுநாள் மாமியார் வாசல்வரை போய் மகனை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து மருமகள் முகத்தைப் பார்ப்பாள்.

"இந்தத் தடவையும் போச்சா?"

பஸ்ஸைத் தவறவிட்டவளிடம் கேட்கிற மாதிரிதான் கேட்பாள்.

மாமியாருக்கு நாள் கணக்கு தெரியும் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். "பதினாலாம் நாள்தான் முக்கியம். அன்னிக்கு விட்டா அந்த மாசம் போச்சு" என்று அடித்துச் சொல்வாள். என்றைக்கோ யாரோ அவளிடம் சொன்னது. எந்த நாளிலிருந்து பதினான்கு என்று அந்த ஆள் சொன்னாரா, இவள்தான் மறந்துபோனாளா, தெரியாது. ரத்தப்போக்கு முழுசாக நின்ற மறுநாளை ஒன்று என்று வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணுவாள். அப்படி எண்ணினால் பதினாலாம் நாள், மகன் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளில் வந்து விழும்.

"பாத்தியா, இவங்களுக்குன்னே அளவெடுத்துத் தெச்ச ஷிஃப்ட்டு!" என்று பூரித்துப்போவாள். அந்தக் குறிப்பிட்ட நாளில் மட்டும் எட்டு மணிக்கே டிவியை அணைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தலைவலிக்காரி உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பது இவர்கள் இருவருக்கும் கேட்கும். முதல் வருடம் அதை நினைத்துச் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் வருடத்தில்தான் பெரிய டாக்டரிடம் போனார்கள். குழந்தையில்லாதவர்களுக்கென்றே ஆஸ்பத்திரி நடத்துகிறவர். முதல் நாள் கணவனும் கூட இருந்தான். டாக்டர் ஒரு சீட்டில் இரண்டு வரிசையாக எழுதினார். இடதுபக்கம் அவளுக்கு ஏழு பரிசோதனை. வலதுபக்கம் அவனுக்கு ஒன்றே ஒன்று, விந்துப் பரிசோதனை. அதைப் பார்த்ததும் கணவனின் காது சிவந்துபோயிற்று.

"எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல டாக்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கிரேன் ஓட்டுகிற தோள், கடல் வெயிலில் கறுத்த முகம். "சரி, அது மெதுவா பாத்துக்கலாம். முதல்ல இவங்களைப் பாத்துடுவோம்" என்றார்.

பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். உள்ளே குழாய் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் செலுத்திப் படம் பிடித்த அன்று, அவள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கத்தினாள். காலைப் பிடித்துக்கொண்டிருந்த பெண், "இதுக்கே இப்படின்னா பிரசவத்துக்கு என்னம்மா பண்ணுவே?" என்றாள். அடைப்பு இல்லை. தைராய்டு இல்லை, கட்டி இல்லை. "எல்லாம் நார்மல்" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொன்னார், இன்னும் எதையாவது கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்கிற முகத்தோடு.

"ஹஸ்பண்ட் வரலையா?"

"வேலையில இருக்கார் டாக்டர்."

ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வி, இந்தப் பதில். எந்த வேலை, எங்கே, சாயங்காலம் வீட்டுக்கு வருவாரா என்று அடுத்த கேள்வி வந்ததே இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள்.

நடுவில் ஒரு தடவை கணவன் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு, எட்டு நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அந்த மாதம் அவளுக்கு ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று. மார்பு வலித்தது, காலையில் பல் துலக்கினால் குமட்டியது. யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள். பத்தாம் நாள் இருட்டறையிலேயே, கையில் முட்டையோடு உட்கார்ந்திருந்தபோது, வழக்கத்தைவிட இரண்டு பங்காக வந்துவிட்டது. மறுநாள்தான் கணவன் விரல் ஆறிக் கடலேறினான்; அவன் முறையும் அதே ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று. "உடம்புச் சூடு" என்றாள் மாமியார். டாக்டரிடம் சொன்னபோது, "இர்ரெகுலர் பீரியட்ஸ்" என்று எழுதி, நாளைச் சீராக்க மாத்திரை கொடுத்தார். கல்யாணமானதிலிருந்து ஒரே ஒரு தடவை தவறியவளுக்குச் சீராக்கும் மாத்திரை! அதைச் சாப்பிட்டு முகமெல்லாம் வீங்கியது, எதைத் தின்றாலும் வாந்தி வந்தது; நாள் மட்டும் முன்னைவிடத் துல்லியமாக இருபத்தெட்டாவது நாள் முடிந்ததும் வரத் தொடங்கியது.

அண்ணிக்குப் பொறுமை போயிற்று. "இந்த மாத்திரை மருந்தெல்லாம் வேஸ்ட்டு. நேரா டெஸ்ட் டியூப்புக்குப் போயிடுங்க. நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன்" என்றாள். டாக்டரும் சரியென்றார். அதற்கான படிவங்களை நிரப்ப ஒருநாள் டார்ச்சு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

படிவம் நிரப்பியது புதிதாகச் சேர்ந்திருந்த நர்சு. அவள் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டவள். பழைய கோப்பைப் பார்த்து எழுதாமல் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

"கணவர் என்னைக்கு வந்து சாம்பிள் குடுப்பார்?"

"அவர் கடல்ல இருக்காருங்க. இன்னும் அஞ்சு நாள் ஆகும்."

"உங்களுக்கு இது எத்தனையாவது நாள்?"

டார்ச்சு மாமியார் கணக்கில் யோசித்து, "ஏழாம் நாள்" என்றாள்.

நர்சு கோப்பைப் புரட்டினாள். "போன தேதி இங்க எழுதியிருக்கே. அதுப்படி பன்னெண்டாம் நாள்ல வருது."

"ரத்தம் நின்னதுக்கு அப்புறம்தானே எண்ணணும்?"

நர்சின் பேனா நின்றது. "இல்லக்கா. ரத்தம் பட்ட முதல் நாள்தான் ஒண்ணு. எல்லாக் கணக்கும் அங்கேருந்துதான்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க கணவர் எப்பவும் பதினேழாம் நாள்தான் வருவாரா?" என்று கேட்டாள்.

"ஆமா. ஏன்?"

நர்சு வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மணி அடித்தது. எழுந்தவள், கோப்பை அவள் பக்கம் தள்ளி, "நகல் எடுத்துட்டுப் போங்க. இது உங்களோடது. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

மறுநாள் பொரிப்பகத்தில் ஒரே ரகளை. ஒரு பண்ணையிலிருந்து வந்த முட்டைகளில் நூற்றுக்கு நாற்பது காலியாக இருந்தன. டார்ச்சு தட்டு தட்டாக ஒதுக்கி வைத்தாள். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்று பண்ணைக்குப் போன் போட்டார்.

"என்னய்யா, சேவலை மாத்துனீங்களா? எத்தனை விட்டிருக்கீங்க? என்னைக்கு விட்டீங்க? தேதியைச் சொல்லு முதல்ல!"

இந்தப் பேச்சை அவள் பதினோரு வருடத்தில் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாள். முட்டை காலி என்றால் முதல் கேள்வி இதுதான். கோழியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு யாரும் சோதனை செய்வதில்லை. அன்றைக்கு அந்தக் கேள்வி ஊசி மாதிரி இறங்கியது. விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போனாள். கோப்பின் நகலை மேசைமேல் பிரித்தாள். ஸ்கேன் அறிக்கை ஒன்றில் பதினைந்தாம் நாள் தேதி போட்டு, முட்டை வெடித்து வெளியேறிவிட்டது என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் என்ன என்று போனில் தேடிப் படித்தாள். இரண்டு மூன்று இடத்தில் படித்தாள். எல்லா இடத்திலும் ஒன்றேதான். வெளியே வந்த முட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும். ஆணின் உயிரணு உள்ளே நான்கைந்து நாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வருவதற்கு முந்தின ஐந்து நாளும், வருகிற நாளும்தான் நாள். இருபத்தெட்டு நாள்காரிக்கு அது ஏறக்குறைய ஒன்பதிலிருந்து பதினான்கு, பதினைந்து வரை. அதற்குப் பின்னால் கதவு சாத்தியாயிற்று.

குஞ்சு கணக்கு எழுதுகிற தாளின் பின்பக்கம் கட்டம் போட்டாள். அவளுடைய தேதிகள் மனப்பாடம். இரண்டரை வருடமாக மாமியார் கேட்டுக் கேட்டுப் பதிந்துபோனவை. கணவனின் தேதிகள் போனில் இருந்தன. ஒவ்வொரு தடவை ஹெலிகாப்டர் இறங்கியதும் 'இறங்கிட்டேன்' என்று ஒரு வார்த்தை அனுப்புவான். நிரப்பிக்கொண்டே போனாள். பதினேழு. பதினாறு. பதினேழு. பதினெட்டு. பதினேழு. முப்பத்திரண்டு கட்டம். ஒன்றே ஒன்றில் மட்டும் ஒன்பது. கட்டைவிரல் நசுங்கிய மாதம். ஒன்பது நாள் தள்ளிப்போன மாதம்.

பாலைக் கொதிக்கவிட்டதுபோல் உள்ளேயிருந்து ஏதோ பொங்கி வந்தது. அழுகை என்று நினைத்தாள். இல்லை, கோபம். முட்டை ஒவ்வொரு மாதமும் வந்து ஒருநாள் முழுக்கக் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறது. அவன் இரண்டு நாள் கழித்து வந்து இறங்கியிருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கச் சாயம் வேண்டாம், கத்தி வேண்டாம், டெஸ்ட் டியூப் வேண்டாம். ஒரு பென்சில் போதும். ஏழு பரிசோதனை எழுதிய கைக்கு ஒரு கேள்வி கேட்க வாய் இல்லாமல் போயிற்று!

கணவன் வந்து சேர இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் அவள் வீட்டில் யாருடனும் பேசவில்லை. மாமியார் இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் அண்ணி சிகிச்சைக்கான தேதியோடு வந்து இறங்கினாள்.

அவன் வந்த அன்று மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும், டார்ச்சு மேசையைத் துடைத்துவிட்டு அந்தத் தாளை விரித்தாள்.

"இது என்னம்மா, கோழிக் கணக்கா?" என்றாள் அண்ணி.

"இல்லங்க அண்ணி. கூமுட்டைக் கணக்கு."

அண்ணியின் முகம் சட்டென்று மாறியது. டார்ச்சு விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சொன்னாள். குரல் உயரவில்லை, மேனேஜருக்குக் கணக்கு ஒப்பிக்கிற அதே குரல்.

மாமியார்தான் முதலில் தேறினாள். "நான் எண்ணினது தப்புங்கறியா? எனக்கு ரெண்டு பிள்ளை பொறக்கலையா?"

"மாமா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்த மனுஷன் அத்தை. நீங்க எங்கேருந்து எண்ணியிருந்தாலும் பொறந்திருக்கும்."

கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு அப்படியே தொண்டையில் நின்றது.

"உங்களுக்கு ரெண்டு வேலை இருக்கு" என்றாள் அவனிடம். "நாளைக்குக் காலையில போய் அந்த டெஸ்ட்டைக் குடுத்துட்டு வரணும். அப்புறம் உங்க மேலதிகாரிக்குப் போன் பண்ணி, அடுத்த குரூப்புக்கு மாத்திக்குடுங்கன்னு கேக்கணும்."

"அடுத்த குரூப்புக்கு மாறணும்னா நடுவுல இருபத்தெட்டு நாள் சேர்ந்தாப்பல கடல்ல கெடக்கணும்!"

"கெடங்க."

"அது சரி, என்ன காரணம்னு சொல்லுவேன்? அங்க நாப்பது ஆம்பளைங்க. விஷயம் தெரிஞ்சா ஓட்டியே கொன்னுடுவானுங்க. என் மானம் என்ன ஆகுறது?"

அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய நான்கு நாள் அடக்கமும் உடைந்தது.

"மானமா? என் கர்ப்பப்பை படம் இந்தக் கூடத்துல எத்தனை பேர் கையில சுத்துச்சு தெரியுமா? உங்க அக்கா மாமியார் பாத்தாங்க. எதிர்வீட்டுக்காரங்க பாத்தாங்க. 'குழாய் தெறந்துதானே இருக்கு, அப்புறம் என்ன'ன்னு மளிகைக்கடையில நின்னு கேட்டாங்க. எனக்கு எந்தத் தேதியில ரத்தம் வருதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். முகம் தெரியாத எட்டுப் பேர் உள்ளே கைய விட்டுப் பாத்தாங்க. அப்பெல்லாம் எனக்கு மானம்னு ஒண்ணு இருக்கறதா யாருக்கும் தோணலை. நீங்க ஒரே ஒரு ஆளுக்கு ஒரு போன் பண்ணணும்னதும் மானம் வந்து வாசல்ல நிக்குதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பிகிட்ட இப்படியா பேசுறது?" என்று அண்ணி எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க அண்ணி. உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். அந்தக் கட்டைவிரல் அடிபட்ட மாசம் ஒன்பது நாள் தள்ளிப்போச்சே, அப்பத்தான் நீங்க எனக்குப் பேர் வெச்சீங்க. அன்னிக்கு என் வயித்துல ஒண்ணு தங்கப் பாத்து, முடியாமப் போயிருக்கலாம். எனக்கு அதுக்கு அழக்கூட நேரம் குடுக்கலை இந்த வீடு. சூடுன்னு சொல்லி மோர் குடுத்தீங்க."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். சிகிச்சைத் தேதி எழுதிய சீட்டு மேசைமேலேயே கிடந்தது. சாயங்காலம் கணவன் மொட்டைமாடிக்குப் போய் ரொம்ப நேரம் போனில் பேசினான். இறங்கி வந்தபோது, "பண்ணிட்டேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அவருக்கும் இப்படித்தானாம். நாலு வருஷம் ஆச்சாம். ஒரு வார்த்தை ஓட்டலை மனுஷன்" என்றான்.

அவனுடைய பரிசோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு கிண்ணம், ஒரு கதவு, அவ்வளவுதான். முடிவு நன்றாகவே இருந்தது. அவன் அதைக் கொஞ்சம் பெருமையாக நீட்டினான். "பத்து நிமிஷம்" என்றாள் அவள். "இத்தனை நாளா பத்து நிமிஷம் கெடைக்கலை உங்களுக்கு." அவன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்தத் தாளையும் கட்டம் போட்ட தாளையும் எடுத்துக்கொண்டு இருவரும் பெரிய டாக்டரிடம் போனார்கள். சிகிச்சை வேண்டாம் என்று சொல்லத்தான். டாக்டர் கட்டங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கணவர் பதினாலு நாள் வீட்ல இருக்கமாட்டார்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்."

"இதெல்லாம் பேஷன்ட்தான் சொல்லணும். எந்த நாள்ல சேரணும்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் உங்ககிட்ட வந்தேன். நான் கோழிமுட்டை பாக்கறவ. எங்க மேனேஜர் பத்தாவது ஃபெயிலு. முட்டை காலின்னா, சேவலை என்னைக்கு விட்டேன்னு அவர் முதல்ல கேப்பார். நீங்க சுவர் முழுக்கப் பட்டம் மாட்டி வெச்சிருக்கீங்க. என் குழாய்ல சாயம் விட்டீங்க. முட்டை வெடிச்சுடுச்சுன்னு தேதி போட்டு உங்க ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்திருக்கு. அன்னிக்கு என் புருஷன் எங்க இருந்தார்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏன் கேக்கலை?"

டாக்டர் கோப்பை மூடினார். "கோபப்படாதீங்க. ஸ்ட்ரெஸ் ஆனா அதுவும் கருத்தரிப்பைப் பாதிக்கும்" என்றார்.

கணவன்தான் எழுந்தான். முதல் தடவையாக வாயைத் திறந்து, "அவ கோபப்படட்டும் டாக்டர். நான் படவேண்டியதையும் சேத்து அவதான் பட்டுக்கிட்டிருக்கா" என்றான். வெளியே வந்ததும், கண்ணாடி போட்ட நர்சு நடைபாதையில் எதிரே வந்தாள். அவர்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், மாத்திரைத் தட்டோடு அருகில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "உடனே நடந்துடும்னு நெனைக்காதீங்க. நாள் சரியா இருந்தாலும் மாசத்துக்கு நாலுல ஒரு பங்கு, அஞ்சுல ஒரு பங்குதான் வாய்ப்பு. ஆறு மாசமாவது பாருங்க. அப்பவும் இல்லைன்னா வேற டாக்டர்கிட்ட போங்க."

கணவன் இருபத்தெட்டு நாள் கடலில் கிடந்துவிட்டு வந்தான். இப்போது அவளுக்கு மூன்றாம் நாள் இறங்கினான், பதினாறாம் நாள் ஏறினான். முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. அண்ணி போனில், "என்னமோ பெரிய கணக்கெல்லாம் போட்டாளே" என்று இழுத்தாள். இரண்டாம் மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் மாமியாரே வாய்விட்டுக் கேட்டாள், அந்த டெஸ்ட் டியூப்புக்கே போயிருக்கலாமோ என்று. டார்ச்சுக்கும் உள்ளுக்குள் ஆட்டம் கண்டது. இரவில் அவன் தூங்கியபின், தான் போட்ட கட்டமே தப்போ என்று நினைப்பாள். காலையில் எழுந்து முகம் கழுவும்போது மறுபடி கோபம் வந்துவிடும். அந்தக் கோபந்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. மூன்று தடவைதானே ஆகியிருக்கிறது, அதற்கு முந்தின முப்பத்திரண்டையும் எவன் கணக்கில் எழுதுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போவாள்.

நான்காம் மாதம் நாள் தள்ளிப்போயிற்று. எட்டு நாள் பொறுத்தாள். ஒன்பதாம் நாள் காலை பொரிப்பகத்துக் கழிவறையில் சோதித்துப் பார்த்தாள். இரண்டு கோடு. வெளியே வந்து கை கழுவினாள். மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள். இரண்டுதான். புயலால் ஹெலிகாப்டர் தள்ளிப்போய், அவன் இன்னும் மேடையிலேயே இருந்தான்; அங்கே நேராகப் போன் போகாது. அலுவலகம் மூலமாக இணைப்புக் கேட்டு வாங்க வேண்டும். காற்றும் இயந்திர இரைச்சலுமாக அவன் குரல் வந்தது.

"என்னது? கேக்கலை! சத்தமா சொல்லு!"

"நின்னுடுச்சு! தங்கிடுச்சு!" என்று அவள் கத்தினாள். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்தப் பக்கம் கிரேன் ஹாரன் நீளமாக ஒலித்தது. யாரோ திட்டினார்கள். மறுபடி ஹாரன்.

பெண் குழந்தை பிறந்தது, மூன்றே கால் கிலோ. பிறந்தது வேறு ஆஸ்பத்திரியில். பத்து நாள் கழித்துப் பெரிய டாக்டரின் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். தேன் ஒழுகுகிற குரல்.

"வாழ்த்துகள் மேடம்! உங்க நாத்தனார் சொன்னாங்க. எங்க டாக்டர் ட்ரீட்மென்ட்ல பொறந்த குழந்தைங்க படத்தையெல்லாம் சேத்து ஒரு புத்தகம் போடறோம். பாப்பா போட்டோ ஒண்ணும், நீங்க டாக்டருக்கு நன்றி சொல்லி ரெண்டு வரியும் அனுப்புறீங்களா?"

டார்ச்சு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு வரி சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"சொல்லுங்க மேடம்!"

"'ஏழு விதமா என்னை வெச்சு சோதனை பண்ணாங்க. புருஷன் எப்ப வீட்ல இருப்பார்னு ஒருத்தரும் கேக்கலை.' எழுதிட்டீங்களா? அதுக்குக் கீழே என் பேரைப் போட்டுக்கங்க. முழுப் பேரும் போடுங்க."

அந்தப் பக்கம் எழுதுகிற சத்தம் நின்றது. "மேடம்... இது... நான் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போன் வைக்கப்பட்டது. அப்புறம் வரவில்லை.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "குழந்தைதான் கைக்கு வந்துடுச்சே. இன்னும் எதுக்கும்மா அந்தக் கோபம்?" என்றாள். குரலில் சண்டை இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"குழந்தை வந்துடுச்சு அத்தை. அந்த மூணு வருஷத்தை எனக்கு யார் திருப்பிக் குடுப்பா? கத்தினேனே, அந்த வலியை? ஒன்பது நாள் இருந்துட்டுப் போச்சே, அதை?"

மாமியார் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். பிறகு எழுந்து வந்து, மருமகளின் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துவிட்டு, அங்கேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பால் குடித்து முடித்து ஏப்பம் விட்டது. டார்ச்சு அதை மாமியார் மடியில் கொடுத்தாள். கோபத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது தன்னிடமே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.